சீழ் வைக்காத புண்

கண்ணாடிப் புட்டி செய்யும் அந்த ஆலையில் முதலுதவி அறை என்பது, பண்டக அறைக்கும் கழிவறைக்கும் நடுவே போனால் போகிறதென்று விட்டுவைத்த பத்தடிக்குப் பத்தடி இடம். ஒரு கட்டில், ஒரு கழுவுதொட்டி, ஒரு எஃகு அலமாரி, சுவரில் கண் பரிசோதிக்கும் பழைய அட்டை. இந்த ராஜ்ஜியத்தை இருபத்திரண்டு வருஷமாக ஆண்டுவந்தவள் பஞ்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் பஞ்சும் கையுமாகத் திரிந்ததால் ஆலைக்காரர்கள் வைத்த பெயர் இது. வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இதுவே நிலைத்துவிட்டது.

கண்ணாடி கிழித்த கை, உலை வாயில் வெந்த முழங்கை, பெட்டி விழுந்து நசுங்கிய கால்விரல் என்று தினமும் ஐந்தாறு பேர் அவளிடம் வந்துபோவார்கள். புண் நல்ல புண்ணா, வில்லங்கம் பிடித்த புண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அதற்கு அவளிடம் இருந்தது ஒரே அளவுகோல்தான், சீழ். மஞ்சளா பச்சையா, நீர்த்ததா கெட்டியா, வாடை உண்டா இல்லையா என்பதைப் பார்த்தே மீதிக் கதையைச் சொல்வாள். சீழ் வைத்தால் வழி பண்ணிவிடுவாள். வைக்காவிட்டால், "போய் வேலையைப் பாருய்யா, சும்மா சீன் போடாதே" என்று துரத்திவிடுவாள். வாரம் இரண்டு நாள் வரும் ஆலை டாக்டர்கூட, "பஞ்சக்கா பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டைப் பிரிப்பார். இந்தக் கேள்வி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏற்றியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் கேட்டால் யாருக்கும் ஏறும்.

அவளுடைய வித்தைக்கு மசியாத ஒரே ஆள் தம்பி மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல் காலை வைத்தபடியே பதினொரு வருஷத்தைக் கழித்தவள். அவளிடம் படித்தவர்கள் முதுகுக்குப் பின்னால் பிரேக் டீச்சர் என்பார்கள். பஞ்சக்கா முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டாள். தம்பி சரக்குக் கப்பலில் இருந்தான். நாலு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அவன் கரையில் இல்லாத மாதங்களில் இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு ஐந்து வயது, பெயர் பட்டாணி. பிறந்தபோது இருந்த உருவத்தைப் பார்த்துத் தகப்பன் வைத்த செல்லப் பெயர் அது.

பட்டாணி பிறந்த இருபதாம் நாள் தொப்புள் சிவந்தது. மூன்றாம் மாதம் காது, ஐந்தாம் மாதம் ஈறு, ஏழாம் மாதம் நுரையீரல். எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தபிறகுதான் பெரிய டாக்டர் விஷயத்தைச் சொன்னார். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிப்போய் மோதுகிற வெள்ளணு வகை ஒன்று உண்டு, நியூட்ரோபில் என்று பெயர். மற்றப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியது இவளுக்குப் பிறவியிலிருந்தே நூறு, இருநூறு. தினம் ஒரு ஊசி போட்டால் எண்ணிக்கை ஏறும். சில சமயம் ஊசியையும் மீறி இறங்கும். இறங்கிக் கிடக்கும் நாளில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே செய்யாத கிருமிகூட இவள் ரத்தத்தில் சாவகாசமாக உலா வரலாம்.

அன்று முதல் பிரேக் டீச்சர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் தொங்கியது. மொத்தம் பதினெட்டு விதிகள். கை கழுவுவது ஒன்றாவது. பச்சைக் காய்கறி கூடாது என்பது ஆறாவது. மண் தொட்டியும் பூ ஜாடியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, அவற்றில் பூஞ்சை இருக்கும் என்பது ஒன்பதாவது. பஞ்சக்கா வரும்போதெல்லாம் அந்தத் தாளின் முன் நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி வாசித்துக் காட்டுவாள். "குழந்தையை வளர்க்கிறியா, லைசென்ஸ் கொடுக்கிறியா?" என்று ஒருமுறை கேட்டாள். பிரேக் டீச்சர், நாத்தனார் தொட்டுவிட்டு வந்த கதவுப் பிடியை மருந்து நனைத்த துணியால் துடைத்தாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு மனிதர் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட காருக்குள் பத்து நிமிஷம் தும்மியதன் பலன். பரிசோதனையில் தொற்றுக் காய்ச்சல் என்று உறுதியானது. பட்டாணிக்கு வராமலிருக்க ஒரு மருந்தை எழுதிக் கொடுத்த பெரிய டாக்டர், குழந்தை அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம் என்றார். தம்பி வர இன்னும் ஆறு வாரம். பிரேக் டீச்சருக்கு அந்த ஊரில் வேறு ஒட்டுறவு கிடையாது. பஞ்சக்கா பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள்.

அடுக்குமாடியின் நாலாவது தளத்தில் கதவுக்கு வெளியே பையும் ஊசி மருந்து வைத்த குளிர்ப்பெட்டியும் தயாராக இருந்தன. பட்டாணி முகக்கவசத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அண்ணி, வெப்பமானில முப்பத்தெட்டு டிகிரி. முப்பத்தெட்டு வந்தா யோசிக்கவே கூடாது, உடனே கிளம்பிடணும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. அது காய்ச்சலை மறைச்சிடும்."

"தெரியும்மா."

"பையோட முன் பக்கத்துல லெட்டர் இருக்கு. எமர்ஜென்சியில அதைக் காட்டினா ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து ஏத்தணும்னு போட்டிருக்கு. போன வாரம் எடுத்த ரத்தத்துல எண்ணிக்கை இறங்கியிருக்கு, ஊசி அளவைக் கூட்டியிருக்காங்க. சின்னக் கீறலா இருந்தாலும் எனக்குச் சொல்லிடுங்க."

"புண்ணைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே? நீ போய்ப் படு முதல்ல."

உள்ளே நீளமாக ஒரு இருமல். இருமி முடித்ததும், "பதினொண்ணாவது விதியை ஒரு தடவை படிச்சிடுங்க" என்றது கதவு.

பஞ்சக்கா தனிக்கட்டை. இரண்டு அறை வீடு. குழந்தை வருகிறாள் என்று வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவியிருந்தாள். செடித் தொட்டிகள் மொட்டை மாடிக்குப் போயின. பல் துலக்கும் பிரஷ்கூடப் புதிதாக வந்தது. விதிகளைக் கிண்டல் பண்ணினாளே தவிர, கடைப்பிடிப்பதில் தம்பி மனைவியையே தூக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. தினம் மூன்று வேளை வெப்பமானி. வேளை தவறாமல் வெந்த சாப்பாடு. முதல் நாள் தொடையில் ஊசி போட்டபோது பட்டாணி, "முடிஞ்சுதா? அம்மா போட்டா வலிக்கும்" என்றாள். பஞ்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை நாலு மணிக்குப் பிரேக் டீச்சர் வீடியோ அழைப்பில் வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் சொன்னாள்.

"சந்தோஷம் அண்ணி. ஈறு பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

நாலாம் நாள் குளிப்பாட்டும்போது பட்டாணியின் வலது கட்டைவிரல் நகத்தோரம் சிவந்திருந்ததைப் பஞ்சக்கா கவனித்தாள். தோலைப் பிய்த்திருக்கிறாள். பிள்ளைகள் செய்வதுதான். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பருப்பளவு சிவப்பு, லேசான வீக்கம். நகத்தின் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பிதுக்கினாள். பட்டாணி துள்ளினாள், ஆனால் ஒன்றும் வரவில்லை. சுத்தமான புண். கழுவி, மருந்து போட்டு, ஆலையில் யாருக்கும் போடாத அழகோடு சின்னதாக ஒரு கட்டுப் போட்டாள்.

எந்தக் கீறலையும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற பதினொன்றாவது விதி ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அங்கே ஒருத்தி முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலில் கிடக்கிறாள், இதைச் சொன்னால் எழுந்து உட்கார்ந்து உயிரை வாங்குவாள், பாவம் தூங்கட்டுமே என்று தோன்றியது. அது பாதி நிஜம். மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் புண் கட்டியவள், கார் ஓட்டக் கற்றுத்தருகிறவளிடம் ஒரு நகக்கீறலுக்கு அனுமதி கேட்டு நிற்பதா என்ற எரிச்சல் அது.

"இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், என்ன?" என்றாள்.

"பொய் சொல்லணுமா அத்தை?"

"பொய் எங்கேடி வந்தது? கேட்டாத்தானே சொல்லணும். அம்மாவுக்கே உடம்பு முடியல. பயந்துடுவா."

பட்டாணி கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அன்று மாலை அழைப்பில் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக் காட்டினாள். பஞ்சக்கா சமையலறையிலிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சிவப்பு முதல் கணு வரைக்கும் இறங்கியிருந்தது. வெப்பமானி முப்பத்தேழு புள்ளி நாலு காட்டியது. கட்டு இறுகிவிட்டதோ என்று தளர்த்தினாள். பிதுக்கினாள். ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் காலையில் பட்டாணி சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். படம் வரைகிற பென்சிலையும் தொடவில்லை. முப்பத்தேழு புள்ளி எட்டு. முப்பத்தெட்டு ஆகவில்லையே என்று பஞ்சக்கா அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டைப் பிரித்தாள். பிரிக்கும்போதே குழந்தை அலறியது. இந்த அளவு புண்ணுக்கு இந்த அளவு வலி எங்கேயோ உதைத்தது. ஆலையில் ஒரு ஆள் இப்படிக் கத்தினால் உள்ளே ஒரு கரண்டி சீழாவது இருக்கும். இங்கே அழுத்திப் பிதுக்கியும் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. சீழ் இல்லை. அப்படியென்றால் பயமில்லை. குழந்தை கொஞ்சம் செல்லம் கொஞ்சுகிறது, அம்மா ஏக்கம்.

மாலை நாலு மணிக்கு அழைப்பு வந்தது. பிரேக் டீச்சருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, குரல் மட்டும் தகரம் மாதிரி கரகரத்தது. பட்டாணி போனைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். இரண்டு கேள்விக்கு மேல் அம்மா போகவில்லை. பதினொரு வருஷம் புதிதாக ஓட்டுகிறவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துப் பழகியவள் அவள்.

"ஏன் இடது கையால போன் பிடிச்சிருக்கே?"

"சும்மா."

"வலது கை எங்கே?"

"முதுகுக்குப் பின்னாடி."

"முன்னாடி கொண்டா, பார்ப்போம்."

பட்டாணி கொண்டுவந்தாள். "கேட்டாத்தான் சொல்லணும்னு அத்தை சொன்னாங்க. நீ கேக்கவே இல்லையே" என்றாள், குறைபட்டுக்கொள்கிற மாதிரி.

பஞ்சக்கா போனை வாங்கிக்கொண்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனாலும் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "சின்ன நகச்சுத்திம்மா. மூணு நாளா நான்தான் கட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன். முப்பத்தெட்டு இன்னும் வரல. உள்ளே ஒண்ணுமே இல்ல. ரெண்டு பக்கமும் நல்லா பிதுக்கிப் பார்த்துட்டேன், பொட்டுச் சீழ் கிடையாது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பஞ்சக்கா திரையைப் பார்த்தாள். தம்பி மனைவி வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள்.

"அவளுக்குச் சீழ் வராது, அண்ணி."

"என்னம்மா சொல்றே?"

"அந்த வெள்ளணு கிருமியோட சண்டை போட்டுச் செத்து விழறதுதானே சீழ். எண்ணிக்கை இறங்கிப்போனா இவகிட்ட சண்டை போடவே ஆள் இல்ல. சீழ் எங்கேர்ந்து வரும்? தொப்புள்லயும் வரல, காதுலயும் வரல. அதனாலதானே ஏழு மாசம் எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "கிளம்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போடறேன். இப்பவே, அண்ணி."

இருபத்திரண்டு வருஷத்தில் பஞ்சக்கா எத்தனை கிண்ணம் சீழைத் துடைத்து எறிந்திருப்பாள். அது என்ன, எதனால் ஆனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வந்தால் கெட்டது, வராவிட்டால் நல்லது. மூன்று நாளாக அவள் நிம்மதிப்பட்டதெல்லாம் எதைப் பார்த்து என்று இப்போதுதான் புரிந்தது.

வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும் பட்டாணிக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டியது. வெப்பமானி முப்பத்தெட்டு புள்ளி ஆறு. பஞ்சக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் எதிலும் இடிக்காமல் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். சிவப்பு மணிக்கட்டைப் பார்த்து மெல்லிய கோடாக ஏறத் தொடங்கியிருந்தது. ஓட்டுநரிடம் சீக்கிரம் போகச் சொன்னாள். அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவசரப் பிரிவின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காய்ச்சல் பருவம். பாதிப் பேர் இருமினார்கள், மீதிப் பேர் இருமுகிறவர்களை முறைத்தார்கள். வாசலோரம் மேசை போட்டு ஒரு இளம் டாக்டர் வருகிறவர்களை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. பஞ்சக்கா கடிதத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கி ஸ்டேப்ளரின் அடியில் வைத்துவிட்டு, குழந்தையின் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"நகச்சுத்தி. காய்ச்சல் இப்ப எல்லாருக்கும்தான் இருக்கு. இது சீழ்கூட வைக்கலையே. உட்காருங்கம்மா, கூப்பிடறோம்."

இதே சொற்கள். இதே அலட்சியமான அன்பு. முதலுதவி அறை வாசலில் நின்று எத்தனை பேரிடம் அவள் சொன்னது, நேற்றும் இன்று காலையும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. அதைக் கேட்டு ஒரு கணம் உட்காரப் போனாள் என்பதுதான் வெட்கம். நாற்காலியில் இருந்த கிழவர் குலுங்கக் குலுங்க இருமினார். பஞ்சக்கா திரும்பி மேசைக்கே வந்தாள்.

"டாக்டர் தம்பி, சீழ் வைக்காததுதான் இவளுக்கு நோய்."

"வரிசையில நிறைய பேர் இருக்காங்கம்மா."

"நான் இருபத்திரண்டு வருஷமா புண்ணுக்குக் கட்டுப் போடறவ." குரல் அவளையறியாமல் ஏறியது. கூடத்தில் இருமல்கூடக் கொஞ்சம் அடங்கியது. "நீங்க சொன்னதைத்தான் நானும் சொன்னேன். மூணு நாளா சொன்னேன். சீழ் இல்ல, பயமில்லன்னு பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியல. அந்தக் காகிதத்தை மட்டும் படிச்சிடுங்க. படிச்சிட்டு உட்காரச் சொன்னா உட்கார்றேன்."

அவர் படித்தார். நின்றுகொண்டே இரண்டாம் தடவை படித்தார். பிறகு உட்காரச் சொல்லவில்லை. அவரே பட்டாணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அதற்குள் பிரேக் டீச்சரின் போனும் யாரையோ எட்டிப் பிடித்திருந்தது. இருபது நிமிஷத்தில் ரத்தம் எடுத்து, மருந்து இறங்கத் தொடங்கிவிட்டது.

நியூட்ரோபில் எண்ணிக்கை தொண்ணூறு என்று வந்தது. ரத்தத்தில் கிருமி இருப்பது மறுநாள் தெரிந்தது. அன்று மாலையே ரத்த அழுத்தம் இறங்கி, குழந்தையைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பிழைத்தாலும் விரல் நுனி தப்புமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பிரேக் டீச்சரால் வர முடியவில்லை. அவளிடமிருந்து தொற்று போய்விட்டது என்று உறுதியாகும் வரை அந்தக் கட்டடத்துக்குள் அவளை விடமாட்டார்கள். போன் திரையில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் படுத்திருந்த குழந்தையைப் பார்த்தாள். பஞ்சக்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். கை கடுக்கும், இறக்கமாட்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நகம் கழன்று விழுந்தது, விரல் தப்பியது. தனி அறைக்கு மாற்றியபிறகு பெரிய டாக்டர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பஞ்சக்காவிடம் பேசினார். பிதுக்கியதால் கிருமி உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம் என்பதைத் திட்டாமல்தான் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மத்தப் பிள்ளைங்களுக்குச் சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் வந்து சாட்சி சொல்லும்" என்றார். "இவளுக்கு எண்ணிக்கை இறங்கின நாள்ல ஒண்ணும் சரியா வராது. வந்தாலும் லேட்டா வரும். வலிக்குதுன்னு அவ வாயால சொல்றதுதான் முதல் சாட்சி. சமயத்துல அது ஒண்ணுதான் சாட்சி. அதை மட்டும் நம்புங்க."

அதற்கு மறுநாள் பிரேக் டீச்சர் வந்தாள். இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். வாசலிலேயே கையை இரண்டு தரம் கழுவினாள். கட்டில் கால்மாட்டில் தொங்கிய தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகுதான் மகளைத் தொட்டாள். நெற்றியில் முகக்கவசத்தோடு முகத்தை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பஞ்சக்கா ஜன்னலோரம் நின்று, வசவுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை என்றதும் தானே கேட்டு வாங்கப் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லும்மா. வாயில வந்ததைச் சொல்லிடு."

"சொல்லத் தெம்பில்ல அண்ணி." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகணும். அப்ப இவளை உங்ககிட்டதான் விடணும். எனக்கு வேற யார் இருக்கா? அதை நினைச்சாத்தான் ஆத்திரம் ஆத்திரமா வருது."

பஞ்சக்கா மன்னிப்பு என்று ஒரு சொல்லை நாலு நாளாகத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அது அந்த அறையில் செல்லுபடியாகாது என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், கை பதமாகத்தான் இருந்தது. சலைனில் நனைத்து, ஒட்டிக்கொண்டிருந்த துணியை ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கினாள். பஞ்சக்காவே அப்படித்தான் செய்திருப்பாள். போர்வைக்குள் பட்டாணியின் கால்விரல்கள் சுருண்டன.

"வலிக்குதா பாப்பா?"

பட்டாணி நர்ஸைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ஜன்னலோரம் நின்ற அத்தையின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை.

"இல்ல" என்றாள்.

நர்ஸ் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பிரேக் டீச்சர் தலையாட்டவில்லை. அவள் குழந்தையின் பார்வை போன திசையில் மெல்லத் திரும்பி, நாத்தனாரைப் பார்த்தாள்.

வலிக்குதுன்னு சொல்லுடி என் கண்ணே என்று கத்த வேண்டும்போல் இருந்தது பஞ்சக்காவுக்கு. அப்படிச் சொன்னால் அதுவும் அத்தை சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகும். பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அது முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

உள்ளே கத்தரிக்கோலை ட்ரேயில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பட்டாணியின் குரல், தணிவாக.

"அத்தை போயாச்சா?"

"போயாச்சு."

"ரொம்ப வலிக்குதும்மா."